எத்தனை பேர் என்று எப்படிக் கேட்பது? பால்புதுமையரை எண்ணும் வழிகள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் வில்லியம்ஸ் ஆய்வு நிறுவனம் 2011ஆம் ஆண்டில், அதுவரை நடந்திருந்த பல ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்றோ இருபாலீர்ப்பாளர் என்றோ சொல்லிக்கொண்ட பெரியவர்கள் 3.5 விழுக்காடு. தம் பாலினத்தாருடன் எப்போதேனும் உறவு கொண்டதுண்டு என்றவர்கள் 8.2 விழுக்காடு. ஓரளவாவது அத்தகைய ஈர்ப்பு உண்டு என்றவர்கள் 11 விழுக்காடு. மூன்று எண்களும் ஒரே நாட்டைப் பற்றியவை, ஒரே அறிக்கையில் இருந்தவை. 'எல்ஜிபிடி மக்கள் (தன்பாலீர்ப்புப் பெண்கள், தன்பாலீர்ப்பு ஆண்கள், இருபாலீர்ப்பாளர், திருநர் ஆகிய நால்வகையினர்) எத்தனை பேர்?' என்று கேட்டு வரும் ஒருவரிடம் இவற்றில் எதை எடுத்துக் கொடுப்பது என்று முடிவு செய்யாமல், எண்ணும் முறைகளை ஒப்பிடத் தொடங்குவதில் பயனில்லை.

இந்தக் கட்டுரை அப்படியொரு முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்காக எழுதப்படுகிறது. அவர் ஒரு புள்ளியியல் துறையில் இருக்கலாம், சுகாதாரத் திட்டம் ஒன்றை வகுப்பவராக இருக்கலாம், பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வுக்கு நிதி கேட்பவராகவும் இருக்கலாம். அவர் முன் இருப்பவை பெரும்பாலும் ஐந்து வழிகள்: முழு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வியைச் சேர்ப்பது, பெரிய மாதிரி ஆய்வில் கேட்பது, இணையத்தில் பதிவு செய்துகொண்ட தன்னார்வலர் குழுவிடம் கேட்பது, நேரடியாகக் கேட்காமல் சுற்றி வளைத்து அறிவது, சமூகத்தின் தொடர்புகளைப் பின்பற்றிக் களத்தில் மதிப்பிடுவது. இவை ஒவ்வொன்றும் தவறும், ஆனால் தவறும் திசை வேறு. எந்தத் திசையில் தவறினால் தாங்கிக்கொள்ள முடியும் என்பதை வைத்தே தேர்வு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் எண்ணப்படும் பொருள். அடையாளம், நடத்தை, ஈர்ப்பு ஆகிய மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று படிந்த மூன்று வட்டங்களைப் போன்றவை. ஒரு வட்டத்துக்குள் இருப்பவர் மற்றொன்றுக்கு வெளியே இருப்பது இயல்பு. இதைக் குழப்பியதன் விளைவாகப் பிறந்ததுதான் 'பத்தில் ஒருவர்' என்ற புகழ்பெற்ற எண். 1948இல் பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரெட் கின்சி குறிப்பிட்ட 10 விழுக்காடு, குறைந்தது மூன்றாண்டுக் காலம் ஏறத்தாழ முழுமையாகத் தன்பால் உறவில் இருந்த அமெரிக்க வெள்ளையின ஆண்களைப் பற்றியது. அது நடத்தையின் அளவு, பெண்களை உள்ளடக்காதது. கின்சி பேசியவர்களும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். சிறையில் இருந்தவர்களும் அவர்களில் கணிசமாக இருந்தனர். அந்த எண், மக்கள் அனைவரிலும் பத்தில் ஒருவர் என்று உருமாறிப் பல பத்தாண்டுகள் வலம் வந்தது. பாகுபாடு, வேலைவாய்ப்பு, சட்டப் பாதுகாப்பு பற்றி முடிவெடுப்பவருக்கு அடையாளமே பொருத்தமான அளவு. பால்வினை நோய்த் தடுப்புத் திட்டத்துக்கு அடையாளம் அவ்வளவாக உதவாது. தம்மை எந்தப் பெயராலும் அழைத்துக்கொள்ளாத ஆண்களும் அங்கே கணக்கில் வந்தாக வேண்டும், ஆகவே நடத்தையைத்தான் கேட்க வேண்டும். ஈர்ப்பின் அளவு ஆய்வாளருக்குச் சுவையானது, நிருவாகத்துக்கு அரிதாகவே தேவைப்படுவது.

இனி, பலரும் முதலில் நினைக்கும் வழியான முழுக் கணக்கெடுப்பு. இதன் பெருமை ஒன்றே, ஆனால் அது பெரிய பெருமை: ஒவ்வொரு ஊருக்கும் வட்டாரத்துக்கும் எண் கிடைக்கும். இங்கிலாந்தும் வேல்ஸும் 2021இல் 16 வயதுக்கு மேற்பட்டோரிடம் பாலீர்ப்பு பற்றியும் பாலின அடையாளம் பற்றியும் கேட்டன. விரும்பாதவர் விட்டுவிடலாம் என்ற நிபந்தனையுடன் கேட்கப்பட்ட அந்தப் பாலீர்ப்புக் கேள்விக்குத் தம்மைத் தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர் அல்லது வேறு என்று குறித்தவர்கள் 3.2 விழுக்காடு, ஏறத்தாழ 15 லட்சம் பேர். செய்தித்தாள்கள் இந்த எண்ணைத்தான் அச்சிட்டன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த வரி. கேள்வியை வெறுமையாக விட்டவர்கள் 7.5 விழுக்காடு. அவ்வாறு குறித்தவர்களைவிட இருமடங்குக்கும் மேற்பட்டோர் மௌனமாக இருக்கும்போது, அந்த மௌனத்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உண்மையான விழுக்காடு எங்கோ நகர்ந்துவிடும். வெற்றிடமாக விட்டவர் மறைப்பதற்காக விட்டாரா, 'இது அரசுக்கு எதற்கு?' என்ற எரிச்சலில் விட்டாரா, சோர்வில் விட்டாரா என்று படிவம் சொல்லாது.

கணக்கெடுப்பின் இரண்டாவது குறை, அது மனிதரை அணுகாமல் வீட்டை அணுகுகிறது என்பது. வழக்கமாக ஒருவர் உட்கார்ந்து எல்லாருக்குமாகப் படிவத்தை நிரப்புவார். பதினேழு வயது மகளின் கட்டத்தில் தந்தை எதைக் குறிப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்த இடரை உணர்ந்துதான் இங்கிலாந்தில், வீட்டில் யாருக்கும் தெரியாமல் தனிப் படிவம் கேட்டுப் பெற்று விடையளிக்கும் வசதி தரப்பட்டது. அப்படி வந்த தனி விடையே வீட்டுப் படிவத்தின் விடைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பிறர் சொல்லும் விடையின் சிக்கல் எதிர்த்திசையிலும் வெளிப்படும். இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் முதன்முறையாக ஆண், பெண் அல்லாத 'பிற' என்ற பிரிவில் 4,87,803 பேர் பதிவாயினர். அவர்களில் 54,854 பேர் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அந்தக் குழந்தைகளுக்காக விடை சொன்னவர் வேறொருவர், எந்தப் பொருளில் சொன்னார் என்பது எந்தப் பதிவிலும் இல்லை. திருநர், ஊடுபால் உடலமைப்புடன் பிறந்தோர், தவறாகக் குறியிடப்பட்டோர் ஆகிய மூவகையினரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடைபட்டிருக்கலாம்.

தவறாகக் குறியிடுதல் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் சிறுபான்மையை எண்ணும் எவருக்கும் மிகப் பெரிய பகை அதுவே. ஒரு லட்சம் பேரில் 300 பேர் திருநர் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் அனைவரும் உண்மையைச் சொல்கிறார்கள் என்றும் கொள்வோம். மீதமுள்ள 99,700 பேரில் இருநூற்றுக்கு ஒருவர் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டோ கை தவறியோ வேறு கட்டத்தைக் குறித்தால், அது ஏறத்தாழ 500 பேர். வெளியிடப்படும் எண் 800 ஆகிவிடும். அதில் பாதிக்கு மேல் பொய்யான பதிவு. பெரும்பான்மையினரின் அரை விழுக்காட்டுப் பிழை அவர்கள் கணக்கில் தெரியக்கூடத் தெரியாது, சிறுபான்மையின் எண்ணையோ விழுங்கிவிடும்.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் ஒரே பாலின இணையர் வாழும் வீடுகள் முதலில் 9,01,997 என்று எண்ணப்பட்டன. பிறகு அதிகாரிகள் அந்தப் படிவங்களில் இருந்த பெயர்களை எடுத்து, அப்பெயர் பெரும்பாலும் ஆணுக்கு வைக்கப்படுவதா பெண்ணுக்கு வைக்கப்படுவதா என்று பார்த்தார்கள். ஆண் பெயர் கொண்டவர் பெண் என்று குறிக்கப்பட்டிருந்த வீடுகள் ஏராளமாக இருந்தன. கணவனும் மனைவியுமாக வாழ்ந்தவர்களில் யாரோ ஒருவருடைய கட்டத்தில் குறி தவறி விழுந்தவுடன், அவர்கள் புள்ளிவிவரத்தில் ஒரே பாலின இணையராகிவிட்டனர். திருத்திய எண் 6,46,464. நான்கில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துபோயிற்று.

இங்கிலாந்தின் பாலின அடையாளக் கேள்விக்கும் ஏறத்தாழ இதுவே நேர்ந்தது. பிறப்பில் பதிவான பாலும் இப்போது தாம் உணரும் பாலினமும் ஒன்றா என்று ஒரே வாக்கியத்தில் கேட்கப்பட்டது. இல்லை என்றவர்கள் 2,62,000 பேர், அதாவது 0.5 விழுக்காடு. ஆங்கிலம் முதன்மை மொழியாக இல்லாதவர்களிடையே இந்த விழுக்காடு வியப்பூட்டும் அளவுக்கு உயர்ந்திருந்தது வெளிவந்தபோது, கேள்வி புரியாமலேயே பலர் விடையளித்திருக்கக்கூடும் என்ற ஐயம் வலுத்தது. 2024 செப்டம்பரில் அந்தப் புள்ளிவிவரங்களின் தகுதி 'வளர்ச்சி நிலையில் உள்ள அதிகாரபூர்வப் புள்ளிவிவரம்' என்று தாழ்த்தப்பட்டது. ஆனால் கணக்கெடுப்பு நடந்த அதே 2021இல் கனடா, பிறப்பில் பதிவான பால் என்ன, இப்போது பாலினம் என்ன என்று இரண்டு தனிக் கேள்விகளாகக் கேட்டு, 15 வயதுக்கு மேற்பட்டோரில் 1,00,815 பேரை, அதாவது ஏறத்தாழ முந்நூறில் ஒருவரை, திருநர் அல்லது ஆண் பெண் இருமைக்குள் அடங்காதவர் என்று கண்டறிந்தது. கருத்துச் செறிந்த ஒரு கடினமான கேள்வியைவிட எளிய இரண்டு கேள்விகள் மேலானவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடவேண்டியதில்லை. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2022இல் பரிந்துரைத்ததும் இந்த இருபடி முறையையே.

மாதிரி ஆய்வுக்கு வருவோம். சில ஆயிரம் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து கேட்பதால் செலவு குறையும், கேள்வியைக் கேட்கும் விதத்தில் கவனம் செலுத்த முடியும். விதம் என்பது இங்கே அலங்காரச் சொல் அல்ல. 1998இல் அமெரிக்கப் பதின்பருவ ஆண்களிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் வெளியாயின. தாளில் தாமே எழுதி விடையளித்தவர்களில் ஆணுடன் உறவு கொண்டதாகச் சொன்னவர்கள் 1.5 விழுக்காடு. காதில் மாட்டிய ஒலிப்பானில் கேள்வியைக் கேட்டுக் கணினியில் விசையை அழுத்தி விடையளித்தவர்களில் அது 5.5 விழுக்காடு. கேள்வியும் வயதும் ஒன்றே. தாளில் எழுதியதை யாரோ படிக்கக்கூடும் என்ற எண்ணமும், கணினித் திரையிலிருந்து விடை மறைந்துபோகும் என்ற தெம்பும்தான் இடையில் நின்றன. கதவைத் தட்டி, கூடத்தில் மற்றவர் காதுபட உரக்கக் கேட்கும் கணக்கெடுப்பாளரிடம் எத்தனை விழுக்காடு கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

சொற்களும் அதே அளவுக்குக் கைகொடுக்கும், அல்லது காலை வாரும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு ஆய்வில் 2013 முதல் பாலீர்ப்புக் கேள்வி சேர்க்கப்பட்டபோது, எதிர்பாலீர்ப்பாளருக்கு உரிய அறிவியல் சொல் பலருக்கு விளங்கவில்லை என்பதால், பேச்சு வழக்குச் சொல்லைப் போட்டு 'அதாவது, தன்பாலீர்ப்பாளர் அல்லர்' என்ற விளக்கத்தையும் சேர்க்க வேண்டியிருந்தது. பெரும்பான்மையாக இருப்பவர்களுக்குத் தமக்கென ஒரு பெயர் இருப்பதே தெரிவதில்லை. தமிழிலும் அப்படித்தான்: தன்பாலீர்ப்பு என்ற சொல் அண்மைக் காலத்தில் பரவியிருக்கிறது, எதிர்பாலீர்ப்பாளரா என்று கேட்டால் கேட்கப்பட்டவர் ஒரு கணம் திகைப்பார். அந்தத் திகைப்பில் தவறான கட்டத்தில் விழும் குறிகளைப் பற்றி மேலே பார்த்தோம்.

கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் அமெரிக்காவில் ஆண்டுதோறும் தொலைபேசியில் கேட்டு வெளியிடும் எண்கள் இன்னொரு பாடம். 2012இல் 3.5 விழுக்காடு, 2024இல் 9.3. இதை மக்கள் மாறிவிட்டார்கள் என்று வாசிப்பவரும் உண்டு, மறைந்திருந்தவர்கள் வெளிவந்தார்கள் என்று வாசிப்பவரும் உண்டு. இரு சாராரும் கவனிக்கத் தவறுவது, இடையில் கேள்வியே மாறியது என்பதை. தொடக்கத்தில் நான்கு அடையாளங்களையும் ஒரே மூச்சில் சொல்லி ஆம், இல்லை என்று கேட்டார்கள். பின்னர் ஒவ்வோர் அடையாளத்தையும் தனித்தனியே சொல்லிப் பொருந்துவதைத் தெரிவிக்கச் சொன்னார்கள். ஆனாலும் உயர்வு முழுவதையும் கேள்வி மாற்றத்தின் தலையில் கட்டிவிட முடியாது. 2024இல் மிக இளைய தலைமுறையின் பெரியவர்களில் 23.1 விழுக்காட்டினரும் மிக மூத்த தலைமுறையில் 1.8 விழுக்காட்டினரும் தம்மை எல்ஜிபிடி என்றார்கள். ஒரே ஆண்டில், ஒரே கேள்விக்கு வந்த விடைகள் இவை. மேலும், அவ்வாறு சொன்ன அனைவரிலும் பாதிக்கு மேற்பட்டோர் இருபாலீர்ப்பாளர்கள். ஆகவே ஒரே விழுக்காட்டை வெளியிடுவதைவிட வயது வாரியாகப் பிரித்து வெளியிடுவதே நேர்மையானது.

மாதிரி ஆய்வின் உண்மையான எல்லை அளவில் இருக்கிறது. 2,000 பேரைக் கேட்டு 3 விழுக்காடு என்று வந்தால் அது 60 பேர். பிழை வரம்பையும் சேர்த்தால் உண்மை 2.25க்கும் 3.75க்கும் இடையில் இருக்கலாம். அதில் திருநரைத் தனியே பார்க்கலாம் என்று முனைந்தால் கையில் எட்டுப் பேர் இருப்பார்கள். எட்டுப் பேரை வைத்து வருமானம், கல்வி, உடல்நலம் என்று அட்டவணை போடுவது ஆய்வாகாது. பல்லாயிரம் பேரைக் கேட்கும் ஆய்வாக இருந்தால், அல்லது சில ஆண்டுகளின் விடைகளை ஒன்றுசேர்க்க முடிந்தால் மட்டுமே இந்த வழி முழுப் பயன் தரும்.

இணையத் தன்னார்வலர் குழுக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விலை மலிவு, விடை விரைவு, முகம் தெரியாத துணிச்சலால் உண்மை கூடுதலாக வரும். இப்சோஸ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2023இல் 30 நாடுகளில் இவ்வாறு கேட்டு, சராசரியாக 9 விழுக்காடு என்றது. ஆனால் அவற்றில் பல நாடுகளில் இணையக் குழுவில் இருப்பவர்கள் நகரவாசிகளாகவும் கூடுதலாகப் படித்தவர்களாகவும் இருப்பார்கள் என்று அந்நிறுவனமே குறிப்பிடுகிறது. வயது, பால், ஊர் ஆகியவற்றுக்கு நிறை கொடுத்து, அதாவது குறைவாக வந்த பிரிவினரின் விடைகளைக் கூடுதலாகக் கணக்கிட்டு, சரிசெய்யலாம். தாமே விரும்பி வந்தவர்கள் என்ற தன்மையை எந்த நிறையும் சரிசெய்யாது. நாடு முழுவதற்குமான எண் என்று சொல்வதற்கு இதை நான் பயன்படுத்தமாட்டேன். கேள்வியின் சொற்களை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க இதைவிடச் சிக்கனமான வழியும் இல்லை.

நான்காவது வழி உண்மையிலேயே அழகானது. விடையளிப்பவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரிக்கிறார்கள். முதல் குழுவிடம் நான்கு சாதாரணக் கூற்றுகளைக் கொடுத்து, எவை என்று சொல்ல வேண்டாம், எத்தனை உங்களுக்குப் பொருந்தும் என்று மட்டும் சொல்லுங்கள் என்கிறார்கள். இரண்டாம் குழுவுக்கு அதே நான்குடன் 'நான் எதிர்பாலீர்ப்பாளர் அல்லன்' என்ற பொருளில் ஐந்தாவது கூற்று ஒன்றைச் சேர்க்கிறார்கள். முதல் குழுவின் சராசரி 1.90, இரண்டாவதன் சராசரி 2.08 என்று வந்தால், வேறுபாடான 0.18தான் விடை: 18 விழுக்காடு. மூன்று என்று சொன்ன எவரைப் பற்றியும் யாருக்கும் எதுவும் தெரியாது. அமெரிக்காவில் 2,516 பேரிடம் இணையம் வழியாக இதைச் செய்து பார்த்த ஆய்வாளர்கள், நேரடியாகக் கேட்டபோது 11 விழுக்காடாக இருந்தது, இம்முறையில் 19 ஆனதைக் கண்டார்கள்; தன்பால் உறவு அனுபவம் 17இலிருந்து 27 ஆனது. பெயர் தெரியாத இணைய ஆய்விலேயே இவ்வளவு மறைப்பு இருந்திருக்கிறது. பூவா தலையா போட்டு, விழுந்ததற்கேற்ப உண்மையையோ மாற்றுக் கேள்விக்கான விடையையோ சொல்லச் செய்யும் உத்திகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் மூலக் கருத்தை 1965இலேயே ஸ்டான்லி வார்னர் முன்வைத்திருந்தார்.

அழகுக்கு விலை உண்டு. இங்கே கிடைப்பது இரு சராசரிகளின் வேறுபாடு என்பதால் தடுமாற்றம் மிகுதி. குழுவுக்கு ஆயிரம் பேர் வீதம் கேட்டாலும் 18 விழுக்காடு என்ற விடை 9க்கும் 27க்கும் இடையே எங்கும் இருக்கலாம். யார் என்று தெரியாததால் அவர்களின் உடல்நலத்தையோ வருமானத்தையோ ஒப்பிட வழியில்லை. சோம்பலாக எண்ணைத் தட்டிவிட்டுப் போகிறவர்களும் கணக்கைக் குலைப்பார்கள், ஏனெனில் பட்டியல் நீண்டால் அவர்கள் தட்டும் எண்ணும் கூடக்கூடும். ஆகவே மக்களின் எண்ணிக்கையை இதிலிருந்து எடுக்கக் கூடாது. நேரடிக் கேள்வி எவ்வளவு மௌனத்தை விட்டுச்செல்கிறது என்பதை அளக்கும் கோலாக மட்டும் இதை வைத்துக்கொள்ள வேண்டும்.

அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பால் உறவு இன்றும் குற்றம். அங்கே பெயரும் முகவரியும் உள்ள படிவத்தில் இந்தக் கேள்வியைச் சேர்ப்பது மடமை மட்டுமல்ல, மனிதர்களை ஆபத்தில் தள்ளுவதும் ஆகும். அத்தகைய இடங்களில் நோய்த் தடுப்புப் பணியாளர்கள் ஐந்தாவது வழியைக் கையாள்கிறார்கள். சமூகத்தைச் சேர்ந்த சிலரிடம் தொடங்கி, அவர்கள் தமக்குத் தெரிந்தவர்களை அழைத்துவர, சங்கிலியின் அமைப்பைக் கணக்கில் கொண்டு மதிப்பிடும் முறையைச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கதார்ன் 1997இல் வகுத்தார். அடையாளம் காணத்தக்க சிறு பொருள் ஒன்றைச் சமூகத்தினரிடையே குறிப்பிட்ட எண்ணிக்கையில் விநியோகித்து, சில நாட்கள் கழித்து நடக்கும் ஆய்வில் எத்தனை பேரிடம் அது வந்து சேர்ந்தது என்று கேட்டு மொத்தத்தைக் கணக்கிடுவதும் உண்டு. பத்தில் ஒருவரிடம் அது இருந்தால், கொடுத்ததைப் போலப் பத்து மடங்கு பேர் இருக்கிறார்கள். திட்டத்துக்கு எத்தனை மருந்து வாங்குவது என்று முடிவெடுக்க இது போதும். எவருடனும் தொடர்பில்லாமல் தனித்திருப்பவரை இச்சங்கிலி ஒருபோதும் எட்டாது. திருமணப் பதிவு, பாலின மாற்றச் சான்று போன்ற அரசு ஆவணங்களிலிருந்து எண்ணுவதும் அப்படியே. விண்ணப்பித்தவர்களை மட்டுமே அது அறியும்.

இத்தனையையும் வைத்துப் பார்க்கும்போது, சட்டம் பகையாக இல்லாத இடத்தில் நான் தேர்வது, ஏற்கெனவே நடந்துவரும் பெரிய மாதிரி ஆய்வொன்றில் திரையில் தாமே படித்து விடையளிக்கும் பகுதியாக அடையாளக் கேள்வியைச் சேர்ப்பதையே. அதன் ஒரு சிறு பகுதியினருக்கு மறைமுகப் பட்டியல் முறையையும் கொடுத்து மௌனத்தின் அளவை அறியலாம். முழுக் கணக்கெடுப்பில் இக்கேள்வி, வட்டார அளவில் எண் கட்டாயம் தேவை என்று காட்ட முடிந்தால் மட்டும், இந்தச் சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு இடம்பெறலாம். வெளியிடும்போது வெற்றிடங்களின் விழுக்காட்டை விடைகளின் விழுக்காட்டுக்கு அருகிலேயே அச்சிட வேண்டும், அடிக்குறிப்பில் தள்ளக் கூடாது. ஒருமுறை முடிவான கேள்வியின் சொற்களைக் குறைந்தது பத்தாண்டுக்குத் தொடக் கூடாது.

பாலின அடையாளத்துக்கு இருபடி முறையுடன் ஒரு மூன்றாம் படியையும் சேர்ப்பேன். இரண்டு விடைகளும் ஒத்துப்போகாதவரிடம் மட்டும், 'பிறப்பில் ஆண் என்றும் இப்போது பெண் என்றும் குறித்திருக்கிறீர்கள், சரிதானா?' என்று திரை ஒருமுறை உறுதி கேட்க வேண்டும். மேலே கண்ட கணக்கில் கை தவறிய ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இங்கேயே திருத்திக்கொள்வார்கள். அச்சத்தால் இரண்டிலும் ஒரே விடையைக் குறித்த திருநரை இந்தப் படி மீட்டுத் தராது என்பதால் எண் சற்றுக் குறைவாகவே நிற்கும். அதை நான் ஏற்பேன். கணக்கெடுப்பாளர் நேரில் வாய்விட்டுக் கேட்கும் ஆய்வாக இருந்தால் இந்த மூன்றாம் படியை நீக்கிவிட வேண்டும், ஏனெனில் மெல்லக் குறித்த ஒரு விடையை அது வீடே கேட்கும்படி உரக்கப் படித்துவிடும்.